செட்டிநாட்டிலிருந்து பினாங்குக்கு: முதல் தடவை சொந்தமாகப் போகிறவர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் யார் வீட்டில் கேட்டாலும் மலேசியாவின் பினாங்கில் ஒரு சொந்தம் இருக்கும், இல்லாவிட்டால் முன்னால் இருந்திருக்கும். ஆனால் போய்வர என்னென்ன வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். விசா எடுக்கணும் என்பார் ஒருவர், அதெல்லாம் தேவையே இல்லை என்பார் இன்னொருவர், ஏஜென்ட்டிடம் போனால் இலவசமாக நிரப்ப வேண்டிய படிவத்துக்குத் தலைக்கு ஆயிரம் ரூபாய் என்று சீட்டு எழுதி நீட்டுவார். எங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போக ஏற்பாடு செய்தபோது இது ஒவ்வொன்றையும் தேடித் தேடித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஐந்து நாளில் கோலாலம்பூர், கெந்திங், லங்காவி, சிங்கப்பூர் எல்லாம் காட்டுகிறோம் என்ற பேக்கேஜை வாங்காதீர்கள். பாதிப் பொழுது பஸ்ஸிலும் மீதி சாக்லேட் கடையிலும் போய்விடும். பினாங்குக்கு முழுதாக நான்கு நாள், கோலாலம்பூருக்கு ஒன்றரை நாள், முதல் தடவைக்கு இது தாராளம். மிஞ்சிய இடங்களை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

1. பாஸ்போர்ட்டை எடுத்து மூன்று இடம் பாருங்கள்

முதலில் காலாவதி தேதி. மலேசியாவில் இறங்கும் நாளிலிருந்து ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும். ஐந்து மாதம் சொச்சம் என்றால் திருச்சி கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள், அங்கே நின்று வாதாடிப் பயனில்லை. புதிதாக எடுக்க 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், தட்கால் என்றால் அதற்கு மேல் 2,000. சிவகங்கை மாவட்டத்துக்காரர்களுக்கு மதுரை அலுவலகம், திருமயம், ராயவரம், அரிமளம் என்று புதுக்கோட்டை மாவட்டத்தில் இருப்பவர்களுக்குத் திருச்சி. இப்போது எந்த அலுவலகத்திலும் விண்ணப்பம் போடலாம், ஆனால் போலீஸ் விசாரணை நீங்கள் கொடுத்த முகவரிக்குத்தான் வரும். நம் ஊர்ச் சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. வீடு கண்டனூரில், வாசம் சென்னையில். வருஷத்தில் பத்து நாள் திறக்கிற பெரிய வீட்டின் முகவரியைக் கொடுத்துவைத்தால், விசாரணைக்கு வருகிறவர் பூட்டைப் பார்த்துவிட்டு ஆள் இல்லை என்று எழுதிவிட்டுப் போவார். எங்கே இருக்கிறீர்களோ அந்த முகவரியையே கொடுங்கள், அதற்கான சான்றையும் முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, பெயர். நம்மில் பலருக்கு ஊரில் விலாசம் என்று மூன்று, நான்கு இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியிருப்பார்கள், அல்லது குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட் போடும்போது ஆதாரைப் பார்க்காதீர்கள், பேங்க் பாஸ்புக்கைப் பார்க்காதீர்கள், பாஸ்போர்ட்டில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே போடுங்கள். குடும்பப் பெயர் காலியாக இருந்தால் என்ன செய்வது என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் அவர்கள் உதவிப் பக்கத்தில் இதைப் பார்த்துவிடுங்கள். பணம் கட்டியபிறகு பெயர் திருத்துவதற்கு ஆகும் செலவு சில சமயம் டிக்கெட் விலையையே தொட்டுவிடும்.

மூன்றாவதைத்தான் யாரும் கவனிப்பதில்லை. இ.சி.ஆர். (சென்னையில் இருக்கும் சாலை இல்லை.) பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்பு அச்சாகியிருக்கிறதா பாருங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கொடுக்காமல் எடுத்த பாஸ்போர்ட்டில் பொதுவாக இது இருக்கும். அப்படிப்பட்டவர்கள் வேலைக்காகப் போனால் அனுமதி வாங்க வேண்டிய நாடுகளின் பட்டியலில் மலேசியாவும் உண்டு. சுற்றுலாவுக்குப் போகிறவர்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை என்பதுதான் விதி, ஆனாலும் இந்தக் குறிப்போடு தனியாகப் போகிற ஒருவரைக் குடியகல்வு அதிகாரி கூடுதலாகக் கேள்வி கேட்பார். திரும்பி வரும் டிக்கெட், ஹோட்டல் பதிவு, கையில் உள்ள பணம் எல்லாவற்றையும் காட்டத் தயாராக இருங்கள். பத்தாவது தேறியவர்களும் 50 வயது கடந்தவர்களும் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது ஆதாரம் கொடுத்து இந்தக் குறிப்பை எடுத்துவிடலாம். அந்தக் காலத்தில் எடுத்த பாஸ்போர்ட்டை அப்படியே புதுப்பித்துக்கொண்டே வரும் ஆச்சிமார் பலருக்கு இது இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2. விசா உண்டா, இல்லையா

இப்போதைக்கு இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம். இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால் போகிறவர்கள் டிக்கெட் போடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விசா இல்லை என்றால் கேள்வியே இல்லை என்று அர்த்தமில்லை. கோலாலம்பூரில் இறங்கியதும் அதிகாரி கேட்டால் காட்ட இவை கையில் இருக்கட்டும்: திரும்பும் டிக்கெட், எல்லா இரவுகளுக்கும் தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கு அடையாளம். சொந்தக்காரர் வீட்டில் தங்குவதாக இருந்தால் அவர் முகவரி, போன் எண், முடிந்தால் ஒரு கடிதம். திருப்தி இல்லாவிட்டால் அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், அந்த அதிகாரம் அவர்களுக்கு உண்டு. எல்லாவற்றையும் காகிதத்தில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போனில் இருக்கிறது என்று இருக்க வேண்டாம், இறங்கும் நேரத்தில் சார்ஜும் இருக்காது, நெட்டும் இருக்காது.

3. எப்போது போவது

நம் ஆட்களுக்கு முதலில் தோன்றுவது தைப்பூசம்தான். முதல் நாள் பினாங்கு ஸ்ட்ரீட்டில் இருக்கும் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்பினால் தண்ணீர்மலை அடிவாரத்து நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயிலுக்குப் போய்ச் சேர இரவாகிவிடும். வழி நெடுக மூட்டை மூட்டையாகத் தேங்காய் உடைப்பார்கள், சீனர்களும் வரிசையில் நின்று உடைப்பார்கள். பார்க்க வேண்டியதுதான், சந்தேகமில்லை. ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்கு, அதிலும் முழங்கால் வலியோடு பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். அறை வாடகை ஏறிவிடும், சாலைகளை அடைத்துவிடுவார்கள், கூப்பிட்டால் கார் வராது, கிலோமீட்டர் கணக்கில் நடக்க வேண்டும். பழனிக்கு நடந்து பழகியவர்கள் என்றால் சரி, தாராளமாகப் போங்கள், குறைந்தது மூன்று மாதம் முன்னால் அறையைப் பதிவு செய்துவிட்டு.

மற்றவர்களுக்குத் தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் முடிந்த மாசி, பங்குனி வசதி. சீனப் புத்தாண்டு நாட்களில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடக்கும் என்பதை மறக்க வேண்டாம். செப்டம்பர், அக்டோபரில் பினாங்கில் மழை அதிகம். வெயில் வருஷம் முழுக்க நம் ஊர் மாதிரிதான், வியர்வை மட்டும் அதைவிடக் கூட.

4. டிக்கெட்

நமக்குப் பெரிய வசதி திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பது. காரைக்குடியிலிருந்து போகும்போது திருச்சி ஊருக்குள் நுழைவதற்கு முன்னாலேயே வந்துவிடும், இரண்டு மணி நேரம் போதும். கோலாலம்பூருக்கு அங்கிருந்து ஏர்ஏசியாவும் பத்திக் ஏரும் நேராகப் போகின்றன, சுமார் நான்கு மணி நேரப் பயணம். போகவரக் கட்டணம் பருவத்தைப் பொறுத்து 12,000 முதல் 20,000 ரூபாய் வரை இருக்கும், பொங்கல், கோடை விடுமுறையில் இன்னும் ஏறும். சென்னையிலிருந்து பினாங்குக்கே நேராக இண்டிகோ 2024 டிசம்பரில் விமானம் தொடங்கியது. சென்னையில் இருப்பவர்கள் முதலில் அதன் அட்டவணையைப் பாருங்கள், கோலாலம்பூரில் மாறுகிற தொல்லை இல்லை.

இதில் கவனிக்க வேண்டியவை. மலிவு டிக்கெட்டின் விலையில் பெட்டி சேராது, கையில் 7 கிலோ மட்டும்தான். பெட்டிக்கான எடையை டிக்கெட்டோடு சேர்த்து வாங்கினால் குறைவு, விமான நிலையத்தில் போய் வாங்கினால் பல மடங்கு. அடுத்தது, கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குத் தனி டிக்கெட் போட்டிருந்தால், முதலில் குடிநுழைவு வரிசை, பிறகு பெட்டியை எடுப்பது, பிறகு மறுபடி செக்-இன் என்று எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும். அந்த வரிசை சில விடியற்காலைகளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நகரும். இரண்டு விமானத்துக்கும் நடுவில் நான்கு மணி நேரமாவது விடுங்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் தனித்தனி டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

நடக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு வீல்சேர் உதவியை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். கோலாலம்பூர் விமான நிலையத்தில் நடக்கும் தூரம் சாதாரணமில்லை.

விமானமே வேண்டாம் என்றால் கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். என்ற விரைவு ரயில் நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுக்கும். பட்டர்வொர்த் ஸ்டேஷனிலிருந்து படகுத் துறைக்கு நடந்தே போய்விடலாம், அங்கிருந்து கடலைத் தாண்டினால் ஜார்ஜ் டவுன். என்னைக் கேட்டால் போகும்போது ரயிலும் படகும், வரும்போது விமானம். படகில் காசு வாங்க மாட்டார்கள், கார்டு தட்ட வேண்டும், கட்டணம் என்னவோ இரண்டு ரிங்கிட்டுதான். வார இறுதி ரயில் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்பே பதிவு செய்யுங்கள்.

5. தங்குமிடம்

பினாங்கு என்று போட்டுத் தேடினால் வரும் மலிவான அறைகளில் பாதி தீவிலேயே இருக்காது. பினாங்கு மாநிலத்தில் கடலுக்கு இந்தப் பக்கம் பட்டர்வொர்த், செபராங் பெராய் எல்லாம் சேர்த்தி. படத்தைப் பார்த்து மயங்காமல் வரைபடத்தில் இடத்தைப் பாருங்கள். ஜார்ஜ் டவுன் என்று இருக்க வேண்டும், அதிலும் லிட்டில் இந்தியா, சூலியா ஸ்ட்ரீட் சுற்றுவட்டாரம் என்றால் கோயில், சாப்பாடு, பணம் மாற்றுமிடம் எல்லாம் நடக்கிற தூரத்தில். சுத்தமான நடுத்தர அறை ஒன்றுக்கு 100 முதல் 180 ரிங்கிட் வரை ஆகும். கடற்கரை வேண்டும் என்று பத்து பெரிங்கியில் அறை போட்டுவிட்டால் ஒவ்வொரு நாளும் ஊருக்குள் வந்து போவதிலேயே பொழுது கழியும்.

பழைய கடைவீடுகளை மாற்றிய ஹோட்டல்கள் பார்க்க அழகு. ஆனால் லிஃப்ட் இருக்காது, மாடிப்படி செங்குத்தாக இருக்கும், சில அறைகளுக்கு ஜன்னலே இருக்காது. பதிவு செய்யுமுன் கேளுங்கள்.

அறைக்குள் போகும்போது, பதிவில் சொல்லாத ஒரு தொகையைக் கேட்பார்கள். ஏமாற்று இல்லை. வெளிநாட்டவர் ஒவ்வோர் அறைக்கும் ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி கட்ட வேண்டும், பினாங்கு உள்ளாட்சிக் கட்டணம் அதற்கு மேல் இரண்டு மூன்று ரிங்கிட். அதோடு திருப்பித் தரும் முன்பணமும் கேட்கலாம். எனவே கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும்.

6. வருகை அட்டை: மூன்று நாளுக்குள், இலவசமாக

மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையைத்தான் எம்.டி.ஏ.சி. என்கிறார்கள். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மலேசியக் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். ஒரு மாதம் முன்பே முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தால் ஏற்காது. குழந்தைகளுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும்.

கட்டணம் கிடையாது. தேடும்போது மேலே வருகிற விளம்பரத் தளங்கள் பார்க்க அரசாங்கத் தளம் போலவே இருக்கும், கடைசியில் கார்டு எண் கேட்கும். கார்டு எண் கேட்டால் அது தவறான இடம், மூடிவிடுங்கள். முகவரியின் முடிவில் மலேசிய அரசுக்குரிய எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஊரில் இதை நிரப்பிக் கொடுக்கக் காசு வாங்குபவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் தெரியாதவருக்கு உழைப்புக்கு ஐம்பது, நூறு கொடுப்பது வேறு, அரசாங்கக் கட்டணம் என்று சொல்லி ஆயிரம் பறிப்பது வேறு.

நிரப்பப் பத்து நிமிடம் போதும். பெயர், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, விமான எண், முதலில் தங்கும் இடத்தின் முகவரியும் அஞ்சல் எண்ணும் வேண்டும். மின்னஞ்சலைச் சரியாகக் கொடுங்கள், உறுதிச் செய்தி அதற்குத்தான் வரும். அதையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

7. பணம்

ஒரு ரிங்கிட் இருபது ரூபாய்க்கு மேல் போகிறது, கிளம்பும் வாரத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாளுக்கு மட்டும் முந்நூறு, நானூறு ரிங்கிட் திருச்சியில் ஊருக்குள் மாற்றிக்கொள்ளுங்கள், விமான நிலையத்தில் மாற்றினால் நஷ்டம். மீதிக்கு ஃபாரெக்ஸ் கார்டு வைத்துக்கொள்ளலாம், அல்லது ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் உரிமம் உள்ள பணமாற்றுக் கடைகளில் மாற்றலாம். தமிழிலேயே பேசலாம், இரண்டு கடை விசாரித்துவிட்டு மாற்றுங்கள். இந்திய ரூபாய் தலைக்கு 25,000 வரைதான் வெளியே கொண்டுபோகலாம்.

தினச் செலவு அவ்வளவு பயப்படும்படி இல்லை. ஒரு வேளைச் சாப்பாடு 8 முதல் 15 ரிங்கிட், பினாங்கு விமான நிலையத்திலிருந்து ஜார்ஜ் டவுனுக்கு கிராப் காரில் (நம் ஊர் ஓலா மாதிரி, போனில் கூப்பிடுவது) சுமார் 25 முதல் 40 ரிங்கிட். கிராப் செயலியை ஊரிலேயே போனில் ஏற்றி, உங்கள் எண்ணைச் சரிபார்த்து வைத்துவிடுங்கள். அங்கே போய் புது சிம் போட்டபின் பழைய எண்ணுக்கு ஓ.டி.பி. வராமல் தவிப்பவர்களை விமான நிலைய வாசலிலேயே பார்க்கலாம்.

பேக்கேஜாகவே வாங்கினால் டி.சி.எஸ். என்று ஒரு தொகையை வரியாக முன்கூட்டியே பிடிப்பார்கள். பான் எண் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டால் வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பக் கேட்கலாம்.

8. பெட்டியில் என்ன வைக்கலாம்

சீப்புச் சீடை, தேன்குழல், மாவுருண்டை இல்லாமல் நம் வீட்டில் யாரும் வெளிநாடு போவதில்லை. கொண்டு போகலாம், நன்றாகப் பொதிந்து பெட்டியில் போடுங்கள். ஊறுகாயும் நெய்யும் கைப்பையில் கூடாது, 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது. இறைச்சி, செடி, விதை, பழம், இவற்றுக்கு அனுமதி தேவை, எனவே உப்புக்கண்டத்தையும் கறிவேப்பிலைக் கன்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மருந்துகளைச் சீட்டோடு, கடை அட்டையோடு அப்படியே கொண்டுபோங்கள், டப்பாவில் கொட்டி எடுத்துப் போகாதீர்கள்.

சிங்கப்பூருக்கும் போகிறவர்களுக்குத் தனியாக: கசகசா அங்கே தடை செய்யப்பட்ட பொருள். நம் வீட்டு மசாலாப்பொடியில் பெரும்பாலும் கசகசா சேர்த்து அரைத்திருப்பார்கள். அந்தப் பொடியைப் பெட்டியில் வைக்காதீர்கள்.

அப்புறம் பார்சல் விவகாரம். நீங்கள் பினாங்கு போகிறீர்கள் என்று தெரிந்ததும், "அண்ணே, இதை மட்டும் அங்க எங்க மச்சான்கிட்ட குடுத்துருங்க" என்று ஒட்டிய பெட்டியோடு ஒருவர் வருவார். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்கள் கண் முன்னால் பிரித்துக் காட்டாவிட்டால் வாங்காதீர்கள், சொந்தமாக இருந்தாலும். அந்த ஊர்ப் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது, பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

மலேசியப் பிளக் மூன்று சதுர முனை உள்ளது. அடாப்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால்.

9. பினாங்கில் நான்கு நாள்

முதல் நாள் காலை தண்ணீர்மலை. நம் ஊரில் இந்தப் பெயரை வைத்துக்கொண்டவர்கள் எத்தனை பேர், அந்த மலையை நேரில் பார்த்தவர்கள் எத்தனை பேர்! அடிவாரத்தில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில், அதைத் தாண்டினால் மலைமேல் பாலதண்டாயுதபாணி கோயில், 513 படி. ஏழு மணிக்கெல்லாம் ஏறத் தொடங்குங்கள், ஒன்பதைத் தாண்டினால் படிக்கல் சுடும். நடு மதியத்தில் கோயில்களை நடை சாத்திவிடுவார்கள் என்பதால் மதியத்துக்குத் தள்ளிப்போடவும் முடியாது. ஏற முடியாதவர்கள் கீழேயே செட்டியார் கோயிலில் உட்காரலாம், வேளை போவதே தெரியாது. இறங்கியபின் பக்கத்திலேயே தாவரவியல் பூங்கா, கட்டணமில்லை, மரநிழலில் ஒரு மணி நேரம் நடக்கலாம். குரங்குகள் உண்டு, கையில் பிரசாதப் பையோடு போகாதீர்கள்.

இரண்டாம் நாள் ஜார்ஜ் டவுன் நடை. குயின் ஸ்ட்ரீட் மகாமாரியம்மன் கோயிலில் தொடங்கினால், பக்கத்துச் சாலையிலேயே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், கொஞ்சம் வடக்கே சீனர்களின் குவான் இன் அம்மன் கோயில், அதற்கும் மேலே செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். தெற்கே ஆர்மீனியன் ஸ்ட்ரீட்டில் சுவரோவியங்கள். நிஜச் சைக்கிளோடு சேர்த்து வரைந்த இரண்டு குழந்தைகள் படத்துக்கு முன்னால் பத்து மணிக்கு மேல் வரிசை நிற்கும், எட்டு மணிக்குப் போனால் ஆளே இருக்காது. பக்கத்தில் கூ கொங்சி என்ற சீனக் குலக் கோயில், கடற்கரைப் பக்கம் மரக்கால்களின் மேல் நிற்கும் சியூ குலத்தார் துறை. அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள், வாசலில் நின்று வீட்டுக்குள் படம் எடுக்காதீர்கள்.

வெயில் ஏறியதும் சர்ச் ஸ்ட்ரீட்டில் இருக்கும் பெரானாக்கான் (மலாய் வழக்கங்களோடு கலந்த பழைய சீனக் குடும்பத்தார்) மாளிகைக்குள் போய்விடுங்கள். பச்சை நிற வீடு, 25 ரிங்கிட் சுமார் கட்டணம். நடு முற்றம், அதைச் சுற்றித் தூண், கால் வைக்கக் கூசுகிற பூவோட்டுத் தரை, கண்ணாடி பதித்த அலமாரி. கானாடுகாத்தான் வீட்டைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுத்து வருகிறார்கள், நாம் அங்கே போய்க் கொடுக்கிறோம், சரிதான். கூட வந்த பெரியவர்கள் அந்த வீட்டில் எதை எதை நம் வீட்டோடு ஒப்பிடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே நடங்கள், தனியாக வழிகாட்டி தேவைப்படாது.

மூன்றாம் நாள் பினாங்கு மலையும் கெக் லோக் சி என்ற புத்தர் கோயிலும். இரண்டும் ஆயர் ஈத்தாம் பக்கம், 204 எண் பேருந்து இரண்டுக்கும் போகும். பேருந்தில் சில்லறை தரமாட்டார்கள், சரியான காசு வேண்டும். மலை ரயில் காலை ஆறரைக்கே தொடங்குகிறது. வெளிநாட்டவருக்குப் போகவர 30 ரிங்கிட் சுமார். பலகையில் குறைவான விலை ஒன்று போட்டிருக்கும், அது மலேசிய அடையாள அட்டை உள்ளவர்களுக்கு. வரிசையைத் தாண்டிப் போகும் விரைவு டிக்கெட் அதைவிட மிக அதிகம். எட்டு மணிக்குள் போனால் அதற்கு அவசியமே இல்லை. உச்சியில் ஒரு முருகன் கோயிலும் உண்டு. மதியத்துக்குள் இறங்கி கெக் லோக் சி போங்கள். கோயில் பல அடுக்கு, படிகள் அதிகம், ஆனால் பெரிய குவான் இன் வெண்கலச் சிலை இருக்கும் மேல்தளத்துக்குச் சாய்வு லிஃப்ட் இருக்கிறது, சில ரிங்கிட்தான், பெரியவர்களுக்காக அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் குழந்தைகள் இருந்தால் 101 எண் பேருந்தில் பத்து பெரிங்கி, அதைத் தாண்டி வாசனைப் பொருள் தோட்டம், தெலுக் பாஹாங்கில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. கடலில் ஜெல்லி மீன் எச்சரிக்கைப் பலகை இருந்தால் இறங்க வேண்டாம். பாராசூட் விளையாட்டுக்காரர்கள் சொல்லும் முதல் விலை கடைசி விலை இல்லை. குழந்தைகள் இல்லாவிட்டால் இந்த நாளை எதற்கும் ஒதுக்காமல் விடுங்கள், பினாங்கு ஸ்ட்ரீட்டிலும் மார்க்கெட் ஸ்ட்ரீட்டிலும் சும்மா நடந்தாலே பொழுது போகும்.

சாப்பாட்டில் அசைவக்காரர்களுக்குக் கவலையில்லை, சோற்றோடு பலவகைக் குழம்பு தரும் நாசி கண்டார் கடைக்குப் போய்க் குழம்புகளைக் கலந்து ஊற்றச் சொல்லுங்கள். விலை கேட்டுவிட்டு மீன்தலையும் பெரிய இறாலும் வாங்குங்கள், ரசீதைப் பார்த்தபின் அதிர்ச்சி அடைவது அவற்றால்தான். சைவக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டியது கீரை, காய்கறி வதக்கலில். பார்க்கச் சைவம், ஆனால் பெலச்சான் என்ற இறால் விழுது போட்டிருப்பார்கள், முட்டையும் மீன் சாறும் எதிலும் இருக்கும். லிட்டில் இந்தியாவில் சைவ உணவகங்கள் இருக்கின்றன, வெளியே போகும் நாளில் மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவது நல்லது. சர்க்கரை உள்ளவர்கள் தே தாரிக் என்ற ஆற்றிய பால் டீ கேட்கும்போது கூராங் மானிஸ் என்று சேர்த்துச் சொல்லுங்கள், இனிப்பைக் குறைத்துப் போடுவார்கள். சொல்லாவிட்டால் அடியில் இனிப்புக் கட்டிப்பால் அரை அங்குலம் நிற்கும்.

10. கோலாலம்பூர்

சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் பிரிக்ஃபீல்ட்ஸில் தங்குங்கள். விமான நிலைய விரைவு ரயில் 55 ரிங்கிட், அரை மணி நேரம். பஸ் அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். குடும்பமாக நான்கு பேர் என்றால் கிராப் கார்தான் லாபம். பத்துமலைக்குச் சென்ட்ரலிலிருந்து கொம்யூட்டர் ரயில் அடிவாரம் வரை போகும். 272 படி, காலை எட்டுக்குள் ஏறிவிடுங்கள், முழங்காலுக்கு மேல் உடை என்றால் கீழே நிறுத்தித் துணி வாடகைக்குக் கட்டச் சொல்வார்கள். இரட்டைக் கோபுரத்தில் மேலே ஏறுவதற்குத் திங்கட்கிழமை விடுமுறை. மேலே ஏறாமல் மாலையில் கீழே பூங்காவில் உட்கார்ந்து விளக்கு நீரூற்றைப் பார்த்தாலே எனக்குப் போதுமாக இருந்தது, அது இலவசம்.

11. சிங்கப்பூரும் சேர்க்கலாமா

அதற்கு விசா கட்டாயம், பெரும்பாலும் அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாகத்தான் எடுப்பார்கள். அரசாங்கக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், ஏஜென்ட் கூலி தனி. பயணத்துக்கு மூன்று வாரம் முன்னால் கொடுத்துவிடுங்கள். அங்கும் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் வருகை அட்டை, அதுவும் இலவசம். மறுபடி மலேசியாவுக்குள் வந்து திருச்சிக்கு விமானம் ஏறுவதாக இருந்தால் மலேசிய அட்டையையும் மறுபடி நிரப்ப வேண்டும்.

12. நகையும் திரும்பி வருவதும்

நம் வீட்டுப் பெண்கள் கழுத்தில், கையில் போட்டுக்கொண்டு போகும் நகை கொஞ்சமாக இருக்காது. அதிகமாகப் போட்டுப் போகிறவர்கள் கிளம்பும்போதே திருச்சி சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள், எடை, படம், நகை வாங்கிய ரசீது இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். இதற்காக ஒரு மணி நேரம் முன்னால் போங்கள். அது இல்லாமல் திரும்பும்போது, இது இங்கிருந்து கொண்டுபோனதுதான் என்று நிரூபிக்கிற பாரம் உங்கள் தலையில். அங்கே வாங்கி வரலாம் என்று நினைப்பவர்களுக்கு: நகைக்கான வரிச் சலுகை ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்குத்தான், சுற்றுலா போய் வருகிறவர்களுக்குக் கிடையாது.

திருச்சியில் விமானம் அகாலத்தில் இறங்கினால் காரைக்குடிக்கு டாக்சியை முன்னாலேயே சொல்லிவைத்துவிடுங்கள், 2,500 முதல் 3,000 ரூபாய்க்குள் முடியும். வாசலில் நின்று அந்த நேரத்தில் பேசினால் அதிகம் கேட்பார்கள். பகலில் இறங்குகிறவர்கள், பெட்டி கனம் இல்லாவிட்டால், வெளியே சாலைக்கு வந்தால் போதும், புதுக்கோட்டை, காரைக்குடி பஸ் அந்த வழியாகத்தான் போகிறது.